ஓவன் டிரிப் ஆகிறதா? டெஸ்டரா, மல்டிமீட்டரா, மெக்கரா

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் சமையலறைச் சுவரில் பதித்திருக்கும் ஓவன், போன டிசம்பரில் கேக் வேலை தொடங்கிய முதல் நாளே வீட்டை இருட்டாக்கிவிட்டது. கிரில் பக்கம் குமிழைத் திருப்பினால் போதும், ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் டப்பா) விழும். நான்கு நாட்களில் மூன்று கருவிகள் அதன் மேல் பட்டன. எலக்ட்ரீஷியன் தம்பி டெஸ்டரோடு வந்தார், நான் மல்டிமீட்டரை எடுத்தேன், கடைசியில் மோட்டார் வைண்டிங் கடை அண்ணன் மெக்கரோடு (அதிக வோல்டேஜ் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் கருவி) வந்தார். ஓவன் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொன்றைச் சொன்னது.

முதலில் போர்டைத் திறந்து விழுந்தது எது என்று பாருங்கள். எம்.சி.பி. (ஃப்யூஸுக்குப் பதிலாக இருக்கும் ஸ்விட்ச்) விழுந்தால் ஷார்ட் அல்லது ஓவர்லோடு. ஆர்.சி.சி.பி. விழுந்தால் கரண்ட் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. எதுவும் விழாமல் ஓவன் மட்டும் சூடாகவில்லை என்றால் அது வேறு கதை. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதில் பாதிக் குழப்பம் தீரும்.

டெஸ்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பிளக் பாயிண்டில் ஃபேஸ் வருகிறதா என்று அது சொல்லும். இரண்டு துளையிலும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கசிவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அன்று டெஸ்டர் ஒழுங்காக எரிந்ததும் தம்பி, "லைன்லாம் நல்லாத்தான்கா கீது, ஆர்.சி.சி.பி. வீக் ஆயிடுச்சு, அத எடுத்துட்டு நேரா குடுத்துடலாம்" என்றார். எனக்குப் பகீரென்றது. நல்ல பையன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சின்ன டப்பாதான், ஓவன் கதவின் இரும்பைத் தொடும் கைக்கும் ஷாக்குக்கும் நடுவில் நிற்கிறது. அதை யார் எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சூடாகாத ஓவனுக்கு இதை மிஞ்சிய கருவி இல்லை என்பது என் அனுபவம். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எலிமென்டின் (ஓவனைச் சூடாக்கும் கம்பிக் குழாய்) இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு ஓம் அளக்க வேண்டும். கணக்கு எளிது: 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் என்றால் சுமார் 26 ஓம், 1000 வாட் என்றால் சுமார் 53 ஓம். எண் ஓடாமல் ஓப்பன் என்று நின்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. எலிமென்ட் சரியாக இருந்தால் மீட்டரின் அதே முனைகளைத் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துவது), கட்-அவுட் (சூடு மீறினால் துண்டிப்பது), செலக்டர் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எங்கே தொடர்பு விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் கிரில் எலிமென்ட் 26 ஓம் காட்டியது. தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலைக்கு மீட்டரை மாற்றி, எலிமென்டின் முனையிலிருந்து அதன் உலோக உறைக்கு வைத்தேன், பீப் வரவில்லை. அப்படியானால் நல்லதுதானே என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு. பீப் வர சில பத்து ஓம்களுக்குள் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஓம் வழியாகக் கசிந்தால் பீப் வராது, ஆனால் ஆர்.சி.சி.பி. விழும். ரேஞ்சை ஏற்றி வைத்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். இருந்தாலும் மல்டிமீட்டர் தள்ளுவது சின்ன பேட்டரியின் வோல்டேஜைத்தான். சில கசிவுகள் 200 வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் வந்தால்தான் வெளியே வரும்.

மெக்கர் அந்த அழுத்தத்தைத் தரும், 500 வோல்ட். இந்த ஊரில் அதைத் தேடி அலைய வேண்டாம். பாலாற்றை ஒட்டிய கிராமங்களின் போர் மோட்டார்கள் வந்து குவியும் வைண்டிங் கடைகளில் அது தினமும் புழங்குகிற சாமான். காட்பாடி ரோட்டுக் கடை அண்ணன் வந்து ஒரு கிளிப்பை முனையிலும் ஒன்றை உறையிலும் மாட்டிப் பட்டனை அழுத்தினார். திரையில் 0.01 மெகாஓம். "எலிமென்ட்தாம்மா லீக் ஆவுது. ஒரு மெகாவுக்குக் கீழ வந்தாலே நாங்க மோட்டாரத் திருப்பி அனுப்பிடுவோம்" என்றார். 0.01 மெகாஓம் என்றால் 10,000 ஓம். 230 வோல்ட்டில் சுமார் 23 மில்லியாம்பியர். வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லியாம்பியர் என்று எழுதியிருந்தாலும் அதில் பாதியைத் தாண்டினாலே விழலாம். அதாவது, அந்த டப்பா தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

காரணம் மழை. எலிமென்டுக்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். ஈரத்தை இழுக்கும் தூள் அது. முனையின் சீல் விரிந்து, ஐப்பசி கார்த்திகை மழையில் ஓவன் சும்மா கிடந்தால் அது ஈரம் குடித்துவிடும். ஓவனை அணைத்து வைத்திருக்கும்போதும் ஃப்ரிட்ஜ் ஓடினால் டிரிப் ஆகிறது என்றால், நியூட்ரல் பக்கத்துக் கசிவாக இருக்கலாம். ஓவன் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். மெக்கரில் ஒரு எச்சரிக்கை: டிஜிட்டல் போர்டு இணைந்திருக்கும்போது வைத்தால் போர்டு போய்விடும். எலிமென்டைத் தனியாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

ஒயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "சூடாகிறது, ஆனால் நேரமாகிறது" என்ற புகாருக்கு அதுதான். 2000 வாட் எலிமென்ட் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்க வேண்டும். மே மாதம் தெருவெல்லாம் ஏ.சி. ஓடும்போது எங்கள் வீட்டில் வோல்டேஜ் 180-க்கு இறங்கியிருக்கிறது. அப்போது கிடைப்பது 61 சதவீத சூடுதான். ஓவனில் பழுதே இல்லை, பிஸ்கட் மட்டும் வெளுத்து வரும்.

கருகிய டெர்மினல் ஸ்க்ரூவுக்குக் கண்ணும் மூக்குமே போதும். தொடுதிரை போர்டு செத்துப்போனால் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். மைக்ரோவேவ் சேர்ந்த ஓவனை மட்டும் வீட்டில் யாரும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் தங்கியிருக்கும்.

புது எலிமென்ட் மாட்டும் முன் அண்ணனே மெக்கர் வைத்துப் பார்த்தார், 200 மெகாஓமுக்கு மேல் காட்டியது. அன்றிரவே இரண்டு பிளம் கேக் வெந்தது. இந்த வருஷம் மழை தொடங்கியதிலிருந்து வாரம் ஒரு முறை ஓவனை 20 நிமிடம் வெறுமனே 150 டிகிரியில் ஓட்டிவிடுகிறேன்.