மேக்கி மேக்கி: எர்த் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் படைப்பே இருக்கிறது

வாழைப்பழத்தைத் தொட்டால் பியானோ ஒலிக்கும் காணொளியால் பெயர் வாங்கிய சிறு மின்னணுப் பலகை மேக்கி மேக்கி. எம்ஐடி மீடியா லேபில் இருந்த ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற மக்கள்நிதி தளம் வழியாக இதை வெளியே கொண்டுவந்தார்கள். வாழைப்பழத்தை விடுங்கள். சார்ட் பேப்பரில் வரைந்த படத்தையோ மைதா மாவில் செய்த பொம்மையையோ தொட்டதும் சத்தம் வர வேண்டும் என்பவருக்கு இது எவ்வளவு உதவும்? இங்கே பார்ப்பது அதை மட்டும்தான்.

யூஎஸ்பியில் சொருகியதும் கணினி இதை ஒரு கீபோர்டாகவும் மவுஸாகவும் எடுத்துக்கொள்கிறது. பலகையின் ஒரு முனையைத் தொட்டால் அதற்குரிய விசையை அழுத்தியதாகக் கணினி நினைக்கும். தனியாக டிரைவர் எதுவும் போட வேண்டாம். முன்பக்கம் நான்கு அம்புக்குறிகள், ஸ்பேஸ், கிளிக் என 6 தொடுமுனைகள். பின்பக்கம் ஒயர் சொருகும் 12. கிளாசிக் பெட்டியோடு பல்லுள்ள குரோக்கடைல் கிளிப் மாட்டிய 7 ஒயர்கள் வருகின்றன. ஆறு தொடுமுனைகளுக்கு ஆறு, எர்த்துக்கு, அதாவது மின்சுற்றை முழுமையாக்கும் பொது முனைக்கு, ஒன்று.

இதன் உயிர் 22 மெகாஓம் ரெசிஸ்டரில் இருக்கிறது. ஒவ்வொரு உள்ளீடும் அதன் வழியாக 5 வோல்ட்டில் நிற்கிறது. ஆர்டுயினோ போன்ற சாதாரணக் கட்டுப்பாட்டுப் பலகையில் இதே வேலையைச் செய்யும் உள் ரெசிஸ்டர் (புல்-அப்) 20 முதல் 50 கிலோஓம்தான். அந்த வோல்ட்டை நம் உடம்பின் தடை வழியாகக் கீழே இழுக்க முடியாது. 22 மெகாஓமை விரலும் இழுக்கும், பென்சில் கோடும் இழுக்கும், ஈர மண்ணும் இழுக்கும். அப்போது உடம்பில் ஓடும் மின்னோட்டம் 0.2 மைக்ரோஆம்பியர் அளவே என்பதால் குழந்தைகள் கையிலும் தயங்காமல் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பலகையில் 'எர்த்' என்று இருப்பது வீட்டு எர்த் அல்ல. அதிலிருந்து ஒயரை இழுத்து பிளக் பாயின்டில் ஒருபோதும் சொருகாதீர்கள்.

பார்வையாளர் தொடுமுனையைத் தொடும்போது எர்த்தையும் தொட்டிருக்க வேண்டும். பலர் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள், ஒரு கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓவியத்தைத் தொடச் சொல்கிறார்கள். பார்ப்பவருக்கு அது கலையாகவே தெரியாது. படத்தின் சட்டத்தைச் சுற்றி அலுமினியம் ஃபாயில் பட்டை ஒட்டி அதையே எர்த் ஆக்குங்கள். படத்தை நெருங்குபவர் இயல்பாகவே சட்டத்தில் கை ஊன்றுவார். இன்னும் நல்ல வழி, எர்த்தை ஒருவர் கையிலும் தொடுமுனையை இன்னொருவர் கையிலும் கொடுப்பது. இருவரும் கைகோத்தால்தான் பாட்டு வரும். இந்தப் பலகையால் செய்யக்கூடியவற்றில் இதைவிட அழகானது எதுவும் இல்லை.

தரையில் ஃபாயில் விரித்து வெறுங்காலில் நிற்க வைப்பதும் நடக்கும். சிமெண்ட் தரை வழியாகவும் மின்னோட்டம் கசியும், ஆகவே அடியில் பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள். ஏசி அறையில் தோல் காய்ந்திருந்தால் தொட்டும் வேலை செய்யாது. உள்ளங்கையை லேசாக ஈரமாக்கினால் போதும்.

பென்சில் ஓவியத்துக்கு 6பி எடுத்து, வெள்ளை தெரியாதபடி ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு அழுத்தித் தீட்டுங்கள். மெல்லிய ஹெச்பி கோடு போதாது. தொடும் இடத்தில் கிராஃபைட் விரலோடு போய்விடும் என்பதால், அங்கே பித்தளை டிராயிங் பின் ஒன்றைக் குத்தி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் கிளிப்பை மாட்டுங்கள். ஒயர் மறையும், படமும் கிழியாது. பின்னின் தலையில் பளபளப்புக்காக லாக்கர் என்ற வார்னிஷ் பூசியிருப்பார்கள். அது மின்சாரத்தைத் தடுக்கும். மேலும் கீழும் உப்புத்தாளால் தேய்த்த பிறகே குத்துங்கள். முடித்த ஓவியத்தின் மேல், பென்சில் கலையாமல் காக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் பின்களை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு அடிக்க வேண்டும். லேமினேஷன் கூடவே கூடாது.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. காகிதம் ஈரத்தை உறிஞ்சியதும் பக்கத்துப் பக்கத்துத் தீட்டல்களுக்கு இடையே மின்னோட்டம் கசியும். யாரும் தொடாமலே பலகையில் விளக்கு எரிந்தபடி இருந்தால் காரணம் இதுதான். இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வரைந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

பொம்மைக்கு மாவு: ஒன்றரை கப் மைதா, ஒரு கப் தண்ணீர், கால் கப் உப்பு, ஒன்பது மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். சிறு தீயில் கிளறி, பாத்திரத்தில் ஒட்டாமல் உருண்டு வந்ததும் இறக்கிப் பிசையுங்கள். உப்பு கிளிப்பின் பல்லை அரித்துவிடும், எனவே கிளிப்பை மாவில் நேராகச் செருகாமல் ஒரு ஃபாயில் துண்டைச் சொருகி அதில் கடிக்க விடுங்கள். காற்றுப்படாத டப்பாவில் வைக்காவிட்டால் மாவு காய்ந்து தொடுகை குறையும்.

செப்பு டேப் வாங்கும்போது பசையும் மின்கடத்தியா என்று கேளுங்கள். மலிவானவற்றில் பசை கடத்தாது. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய இடத்தில் இணைப்பு அறுந்துபோகும். மூலையில் வெட்டாமல் மடித்துத் திருப்புங்கள், அல்லது இணைப்பில் ஒரு சொட்டு சால்டர் வையுங்கள். அலுமினியம் ஃபாயிலில் சாதாரண சால்டர் ஒட்டாது.

கண்காட்சியில் நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் பலகையைவிடக் கணினிதான் சிக்கல். விசைகள் முன்னால் திறந்திருக்கும் விண்டோவுக்கே போகும். ஏதாவது அறிவிப்பு எட்டிப்பார்த்தால் ஓவியம் ஊமையாகும். ஸ்லீப், அப்டேட், நோட்டிஃபிகேஷன் மூன்றையும் முதலிலேயே நிறுத்துங்கள். ஸ்கிராட்ச் என்ற எளிய நிரல் எழுதும் மென்பொருளில் செய்பவர்கள், விசை அழுத்தியதும் ஒலியைத் தொடங்கி, விசை விடுபடும்வரை காத்திருக்கும் கட்டளையையும் சேருங்கள். இல்லாவிட்டால் விரலை எடுக்காதவருக்கு ஒரே மத்தள அடி திரும்பத் திரும்பக் கேட்கும். தொடாமலே விசைகள் துடித்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்; 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதன் வழியாகவும் வரும். நீள ஒயரும் அதைப் பிடிக்கும், ஆகவே குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில், கீபோர்டாக நடிக்கக்கூடிய ஒரு ப்ரோ மைக்ரோ பலகையும் 22 மெகாஓம் ரெசிஸ்டர்களும் வாங்கித் தானே இதைக் கட்டிக்கொள்ளலாம். விலை வெகுவாகக் குறையும். கணினியே இல்லாமல் சுவரில் தொங்கும் படைப்பு வேண்டுமென்றால் தனியே இயங்கும் இஎஸ்பி32 பலகையை எடுங்கள். அதில் தொடுகையை உணரும் 10 முனைகள் உண்டு, எர்த்தும் வேண்டாம். ஆனால் கைகோத்தால் பாடும் ஓவியத்துக்கு அந்த எர்த் வேண்டும், அதற்கு மேக்கி மேக்கியையே வாங்குங்கள்.