தேக்கா சந்தையா, புளோக்கடிக் கூட்டுறவுக் கடையா, கைப்பேசி ஆர்டரா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பி, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குப் போய், நான்கு பை நிறையக் காய்கறி வாங்கிக்கொண்டு பத்தரைக்குள் வீடு திரும்புவது பல வருஷமாக எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. இப்போது பெரும்பாலும் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் ஃபேர்பிரைஸ் கூட்டுறவுக் கடைதான். நடுவில் கைப்பேசியில் ஆர்டர் போட்டும் பார்த்தோம். அடுத்த மாதம் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போகும் என் தங்கை "எது அக்கா நமக்கு ஒத்துவரும்?" என்று கேட்டாள். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தேக்காவில் காய் புதுசாக இருக்கும், வகை அதிகம். கூட்டுறவுக் கடை பக்கத்தில் இருக்கிறது, வேலை முடிந்து இரவில் போனாலும் திறந்திருக்கும். ஆர்டர் போட்டால் அரிசி மூட்டை வாசலுக்கே வந்துவிடும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விலையையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் இங்கே மலிவு, ஒரு வாரம் அங்கே மலிவு.

என் முடிவை மாற்றியது ஒரே விஷயம்: வாங்கின காய் சமையலுக்குப் போகிறதா, குப்பைக்குப் போகிறதா என்பது.

அம்மாவுக்குச் சர்க்கரை. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி முழுதானியம், கால்வாசி மீனோ கோழியோ பருப்போ என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014 முதல் சொல்லிவரும் அந்தத் தட்டுப் படத்தை எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் வரை தட்டு அந்தப் படம் மாதிரியே இருக்கும். வியாழக்கிழமை குளிர்பெட்டியின் கீழ் அறையைத் திறந்தால், செய்தித்தாளில் சுற்றி வைத்த பயாம் கீரை தண்டோடு கறுத்து, கையில் எடுத்தால் கொழகொழவென்று ஒட்டும். வெண்டைக்காய் முற்றி, வளைத்தால் ஒடியாது. அதை எல்லாம் கூட்டிக் கொட்டிவிட்டு, அன்று இரவு காப்பிக்கடையில் மீ கோரெங் (வறுத்த நூடல்ஸ்) கட்டிக்கொண்டு வருவோம். வெள்ளிக்கிழமையும் அதே கதை. வாரத்துக்கு அறுபது எழுபது சிங்கப்பூர் வெள்ளிக்குக் காய் வாங்கியும், பாதி நாள் அம்மா தட்டில் காயே இருக்காது.

ஒருநாள் விட்டு ஒருநாள், வேலை முடிந்து மின்தூக்கிக்குப் போகும் முன் கீழே இருக்கும் கூட்டுறவுக் கடைக்குள் நுழைந்து ஒரு பாக்கெட் கீரை, இரண்டு கத்திரிக்காய், ஒரு துண்டு பூசணி என்று வாங்க ஆரம்பித்த பிறகு கொட்டுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. அன்று வாங்கினது அன்றோ மறுநாளோ சமையலாகிவிடுகிறது. பெரிய பை நிறைய வாங்கினால் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில், கொஞ்சமாக, அடிக்கடி வாங்குவதில்தான் எங்கள் வீட்டுக்கு விடிவு கிடைத்தது.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அம்மா தானே கடைக்குப் போக ஆரம்பித்தார். மூத்தவர்களுக்கு அரசு தந்த முன்னோடித் தலைமுறை அட்டைக்கு வாரத்தில் சில நாள் இங்கே சிறு தள்ளுபடி உண்டு.  கணக்குப் பார்த்தால் சில்லறைக் காசுதான், ஆனால் அந்தக் காசுக்காகத் தள்ளுவண்டிப் பையை உருட்டிக்கொண்டு, எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக்கோடு (பெரியம்மாவோடு) மலாயில் பேசிக்கொண்டே நடந்து போய்வருகிறார். தேக்காவுக்கு அவரால் தனியாகப் போக முடியாது. சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு என்று பார்த்துப் பானங்களில் 'ஏ' (நல்லது) முதல் 'டி' (மோசம்) வரை போடும் நியூட்ரி-கிரேடு 2022 கடைசியில் வந்தது. அதைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்து, 'டி' என்றால் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுகிறார். இந்த எழுத்து எல்லாப் பேரங்காடியிலும் உண்டு, கூட்டுறவுக்கு மட்டும் உரியதில்லை. அம்மா நடந்து போகும் தூரத்தில் இருப்பது இந்தக் கடை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கூட்டுறவு என்பதற்காகவும் எனக்கு இதன்மேல் ஒரு பிடிப்பு உண்டு, மறைக்கவில்லை. 1973 ஜூலையில் தோ பாயோவில் 'என்டியுசி வெல்கம்' என்ற பெயரில் என்டியுசி என்ற தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தொடங்கிய கடை இது, திறந்து வைத்தவர் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ. அரிசி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். பதுக்கி வைத்து விற்பவர்களுக்கு எதிராக விலையைப் பிடித்து வைப்பதுதான் நோக்கம். அந்த வருஷ அரிசி விலையை அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவார். 1983-இல் இன்னொரு தொழிற்சங்கக் கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆனது. 2020 பிப்ரவரியில் கொவிட் காரணமாக அரசின் நோய் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு ஏறியதும் ஊரே அரிசியையும் நூடல்ஸையும் அள்ளியபோது, ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று இங்கே வரம்பு வைத்தார்கள். வரிசையில் கடைசியாக நின்ற எங்களுக்கும் ஒரு பை அரிசி கிடைத்தது.

சரி, தேக்காவை விட்டுவிட்டோமா? இல்லை. வாழைப்பூ, முருங்கைக்கீரை, பச்சைச் சுண்டைக்காய், கேட்ட மாதிரி வெட்டித் தரும் ஆட்டிறைச்சி, இதற்கெல்லாம் மாதம் ஒருமுறை அங்கேதான். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து எடுக்கலாம், காசு கொடுத்த பிறகு கடைக்காரர் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைப் பையில் திணிப்பார். பாக்கெட்டில் அடைத்த காயில் இந்தச் சுகம் கிடையாது. அரசு வீட்டுக்கு வீடு தரும் சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டில் ஒரு பாதி பேரங்காடிக்கு, மறுபாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும் என்று பிரித்துத் தருவதால், அந்த இரண்டாவது பாதியைத் தேக்காவுக்கு என்று ஒதுக்கி வைக்கிறோம்.

கைப்பேசி ஆர்டர் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை, மூன்று தடவைதான் போட்டோம். அரிசி, எண்ணெய், பருப்புக்கு வசதி. இலவசமாகக் கொண்டுவர ஒரு குறைந்தபட்சத் தொகை வேண்டும் என்பதால் தேவைக்கு மேலே வாங்கினோம், அப்புறம் பழைய வியாழக்கிழமைக் கதைதான். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கலாம்.

தங்கைக்கு ஒன்று மட்டும் சொன்னேன்: சாவி வாங்கப் போகிற அன்றே உன் புளோக்கிலிருந்து கடைக்கு எத்தனை நிமிஷம் நடை என்று பார். ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் நான் செய்வதைச் செய். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தால் என் கணக்கு உனக்கு உதவாது, வா, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே தேக்கா போவோம்.