மருத்துவ ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

நோயைக் கண்டறியத் தெரிந்தவருக்கு அதைக் கற்பிக்கவும் தெரிந்திருக்கும் என்ற எண்ணத்திலேயே மருத்துவ, செவிலியர் கல்லூரிகள் பல இயங்கி வருவதால், இத்தகைய பயிற்சி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் முடித்த இந்த இணையவழிப் பயிற்சியில் உண்மையிலேயே பயன் தந்தது, 1992-இல் அறிமுகமான 'ஒரு நிமிட ஆசான்' முறைக்கு ஒதுக்கப்பட்ட பகுதிதான். மாணவர் நோயாளியின் விவரங்களைச் சொல்லி முடித்ததும் நாமே விடையைச் சொல்லிவிடாமல், "இது என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் ஒரு முடிவுக்கு வந்தபின் அதற்கான காரணத்தை வினவி, பொது விதி ஒன்றைக் கற்பித்து, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டி, அதன்பிறகே பிழையைத் திருத்த வேண்டும் என்பது இதன் சாரம். மூச்சுத்திணறலோடு வந்த முதியவரைப் பற்றிய காணொளியில், மாணவர் தயங்கும் அந்தச் சில நொடிகளில் ஆசிரியர் வாய் திறக்காமல் காத்திருப்பதைப் பார்த்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும். (நம்மில் பலருக்கு அந்த மௌனம்தான் கடினம்.)

மருத்துவத் திறனை அறிதல், எப்படி என்று அறிதல், செய்து காட்டுதல், நடைமுறையில் செய்தல் என நான்கு படிகளாக அடுக்கி, மருத்துவக் கல்வியாளர் மில்லர் 1990-இல் முன்வைத்த பிரமிடு தெளிவாக விளக்கப்பட்டிருக்கிறது. ஆனால், அறிவதற்கும் செய்து காட்டுவதற்கும் உள்ள இடைவெளியை வலியுறுத்தும் ஒரு பயிற்சியே, கொள்குறி வினாக்களை மட்டும் வைத்துச் சான்றிதழ் வழங்குவது முரண். பங்கேற்பாளர் கற்பிப்பதைப் படம்பிடித்து அனுப்பச் செய்து, அதன்மீது கருத்துரை வழங்கியிருக்கலாம். ஓஸ்கி தேர்வு (மாணவர்கள் நிலையம் நிலையமாகச் சென்று மருத்துவத் திறன்களைச் செய்து காட்டும் தேர்வு) பற்றிய பகுதி மேலோட்டமானது. வார்டில் மாணவர்களை வழிநடத்தும் இளம் ஆசிரியர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இது போதாது.