ஹோஹென்ட்சோலெர்னா, விட்டல்ஸ்பாக்கா: எந்தக் குடும்பத்திலிருந்து தொடங்கலாம்?

ஜெர்மன் அரச குடும்பங்களைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களில்தான் தயங்கி நிற்கிறார்கள்.

ஆண்ட காலம்: விட்டல்ஸ்பாக் குடும்பம் தெற்கு ஜெர்மனியில் உள்ள பவேரியாவை 1180 முதல் 1918 வரை, 738 ஆண்டுகள் ஆண்டது. ஹோஹென்ட்சோலெர்ன் 1415இல் பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க்கைப் பெற்றது. 1701இல் பிரஷ்யாவில் மன்னர் பட்டம், 1871இல் ஜெர்மன் பேரரசர் பட்டம். 1918இல் இரண்டுமே அரியணை இழந்தன.

படிக்க எளிது: விட்டல்ஸ்பாக் கொஞ்சம் சிக்கல். 1329இல் இரண்டு கிளையாகப் பிரிந்து, 1777இல்தான் நிலம் ஒன்று சேர்ந்தது. ஹோஹென்ட்சோலெர்ன் கதை நேர்க்கோடு. ஆனால் பிரெடெரிக், பிரெடெரிக் வில்லியம் என்றே பெயர்கள் மாறி மாறி வரும். பக்கத்தில் ஒரு வம்ச அட்டவணை இருக்கட்டும்.

நேரில் பார்க்க: விட்டல்ஸ்பாக் மன்னர் இரண்டாம் லுட்விக் 1869இல் கட்டத் தொடங்கிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை அழகுதான். ஆனால் என் மனம் நிற்பது பெர்லினுக்குப் பக்கத்தில் உள்ள போட்ஸ்டாமில். ஹோஹென்ட்சோலெர்ன் மன்னர் மகா பிரெடெரிக், அங்கே தன் நாய்களுக்குப் பக்கத்தில் புதைக்கச் சொல்லி 1786இல் இறந்தார். அந்த ஆசை நிறைவேறியது 1991இல். அவர் கல்லறையில் தரையோடு தரையாக ஒரு கல். உருளைக்கிழங்குப் பயிரை வற்புறுத்திப் பரப்பியவர் என்பதால், வருகிறவர்கள் அதன்மேல் உருளைக்கிழங்கு வைத்துவிட்டுப் போகிறார்கள்.

சரி, போர், அரசியல், ஒன்றுபட்ட ஜெர்மனி பற்றித் தெரிய வேண்டுமானால் ஹோஹென்ட்சோலெர்ன். கலை, கட்டடம், ஒரே நிலத்தின் நீண்ட வாழ்க்கை வேண்டுமானால் விட்டல்ஸ்பாக்.