மதுரையில் தைத்த விமான உடை

லண்டனிலிருந்து ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் நான் இரண்டு காரணங்களுக்காக உடுத்த வேண்டியிருக்கிறது. பதினொரு மணி நேரம் நாற்காலியில் மடங்கிக் கிடக்கப்போகும் உடம்பு ஒன்று. மதுரை விமான நிலைய வாசலில் பூப்பொட்டலத்தோடு நிற்கும் அம்மா இன்னொன்று. ஜனவரியில் மதுரை மல்லி விலை ஏறிக் கிடக்கும், கிடைப்பதும் அரிது. அப்போதும் அம்மா ஒரு முழமாவது வாங்கி வந்துவிடுவார். அந்தப் பூவுக்குப் பொருத்தமாக இறங்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

இரண்டு வருடங்களுக்கு முன் காஞ்சிக் காட்டன் சேலை கட்டிக்கொண்டு ஏறினேன். கொசுவத்துக்கு இரண்டு, தோளுக்கு ஒன்று, முந்தானை மடிப்புக்கு ஒன்று என்று நான்கு ஊக்கு. லண்டனில் பாதுகாப்புச் சோதனை இயந்திரம் ஊக்கையும் கொசுவ மடிப்பையும் காட்டிக்கொடுக்க, தனியே நிறுத்திக் கையால் தடவிப் பார்த்தார்கள். கொழும்பில் விமானம் மாறும்போது கஞ்சி போட்ட சேலை கசக்கிப்போட்ட காகிதம் போல் இருந்தது. அடுத்த வருடம் உடற்பயிற்சிக் கால்சட்டையும் தொளதொள சட்டையுமாக வந்தேன். உடம்புக்குச் சுகம்தான். அம்மா என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து என் மேல் போர்த்தினார். அதற்கு மேல் ஒரு சொல் தேவைப்படவில்லை.

அதனால் இந்த ஜனவரிப் பயணத்தில் ஒரு வேலையை முடித்தே தீருவது என்று வந்தேன். விமானத்துக்கென்றே ஓர் உடையை மதுரையில் தைத்துக்கொள்ள வேண்டும், ஒன்றல்ல, இரண்டு. மே மாதம் அம்மா முதல் முறையாக லண்டனுக்கு வருகிறார்.

துணியைப் பற்றிச் சொல்வதற்கு முன் விமானத்துக்குள் உடம்புக்கு என்ன ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் செவிலியர், இதைச் சொல்லாமல் உடையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி. ஆக, நாம் பதினொரு மணி நேரம் கொடைக்கானலில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம். அழுத்தம் குறையும்போது வயிற்றுக்குள் இருக்கும் காற்று விரிகிறது, இடுப்புப் பட்டி இறுகுகிறது. காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடுவதால் தோல் வறண்டு அரிக்கத் தொடங்கும். உட்கார்ந்தே இருப்பதால் இரத்தம் காலில் தேங்கிப் பாதம் வீங்கும். நான்கு மணி நேரத்தைத் தாண்டும் பயணங்களில் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் தொடை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் இறுகப் பிடிக்கும் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு இரவு முழுவதும் உட்காராதீர்கள்.

இப்போது துணி. இந்த முறை வரும்போது நான் அணிந்திருந்தது, போன வருடம் மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் வாங்கிய ஆயத்தக் குர்தா. கடைப்பையன் 'சுத்தக் காட்டன்' என்று இரண்டு முறை சொன்னார். விமானத்தில் மூன்றாவது மணி நேரத்திலேயே முதுகில் ஒட்டிக்கொண்டது. சால்வையை எடுத்தால் குளிர், போர்த்தினால் வியர்வை. அந்தக் குர்தாவையே எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனேன்.

மதுரைக்காரர்களுக்குப் புது மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். சிலைத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடும். துணியைக் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிடப் போனால் திரும்புவதற்குள் ரவிக்கை தயாராக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரம் வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபம் பழைய அழகோடு மூச்சு விடட்டும், அது சரியான முடிவுதான். ஆனால் அந்தத் தூண்களுக்கு இடையே கேட்ட இயந்திர ஓசை என் பிள்ளைப் பருவத்தின் ஓசை. என் பள்ளிச் சீருடை அங்கேதான் தைக்கப்பட்டது.

எங்கள் குடும்பத்துக்குத் தைப்பவரைத் தேடிப் பிடித்தேன். பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. "பொங்கல் முடியட்டும் தங்கச்சி. இப்போது வாங்கிப் போட்டுக்கொண்டால் அவசரத்தில் கெடுத்துவிடுவேன்" என்றார் பாய். வேலையை மறுக்கத் தெரிந்த தையல்காரரைத்தான் நான் நம்புவேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரண்டு வாரங்களைத் தையல் வேலைக்குக் கணக்கில் வைக்காதீர்கள்.

குர்தாவைக் காட்டி, ஏன் இப்படி ஒட்டுகிறது என்று கேட்டேன். உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவினார். தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் வைத்தார். நூல் எரியவில்லை, சுருண்டு உருகி, கடுகளவு கறுப்பு மணியாகக் கெட்டியானது. பிறகு தன் மேசையில் கிடந்த பருத்தித் துண்டிலிருந்து ஒரு நூலை எடுத்துப் பற்றவைத்தார். அது காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானது. "இது பாலியஸ்டர். பருத்தி மணியாகாது" என்றார்.

அந்தக் கறுப்பு மணியை நான் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வியர்வையை உறிஞ்சாது என்பது மட்டுமல்ல விஷயம். விமானத்தில் தீ விபத்து என்று ஒன்று நேர்ந்தால் செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். பருத்தியோ கம்பளியோ அணிந்து பறக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தீக்காயத்துக்குக் கட்டுப் போட்ட கை என்னுடையது. இதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. ஜவுளிக் கடைக்குப் போய்ச் சொன்னேன். பணம் வேண்டாம், துணியின் பெயரைச் சரியாகச் சொல்லி விற்றால் போதும் என்றேன். அட்டை கிழித்த உருப்படியை மாற்ற முடியாது என்ற ஒரே பதிலைத்தான் மூன்று மேசைகளிலும் கேட்டேன். நான் கேட்டது அதுவல்ல.

அங்கிருந்து நேராக விளக்குத்தூண் பக்கம். சுங்குடி வாங்குவதற்கு எனக்கு வேறு இடம் தோன்றாது. மதுரைச் சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வேலை இது. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கினால், முடிச்சு அவிழ்ந்த இடத்தில் சாயம் ஏறாத வெள்ளை வட்டம் நிற்கும். இன்று பெரும்பாலும் மெழுகு அச்சில்தான் வருகிறது. கைமுடிச்சு வேண்டுமானால் கேட்டு வாங்க வேண்டும், விலையும் கூடுதல். கைமுடிச்சுத் துணியில் புள்ளிகள் ஒன்று போல் இன்னொன்று இருக்காது, முடிச்சிட்ட இடத்தில் துணி லேசாகப் புடைத்திருக்கும். கடைக்காரர் இரண்டையும் அருகருகே விரித்துக் காட்டி, எது எது என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். குர்தாவுக்கு அச்சுத் துணியும் துப்பட்டாவுக்குக் கைமுடிச்சும் எடுத்தேன். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி.

விமானத்துக்குச் சுங்குடி ஏன் என்றால், மென்மையான பருத்தி, எடையே தெரியாது. கசங்கும்தான், ஆனால் புள்ளிகள் கசங்கலை மறைத்துவிடும். சாம்பார் சிந்தினாலும் கருநீலம் ஏற்றுக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்க்கிற எந்த மதுரைக்காரரும் இது நம்மூர்த் துணி என்று சொல்லிவிடுவார். எனக்கு அழகு என்பது இதுதான்.

புதுத் துணியை அப்படியே தைக்கக் கொடுக்காதீர்கள். சுங்குடி முதல் நனைப்பில் சாயம் விடும், சுருங்கவும் செய்யும். கல்லுப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தினோம். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுத்தார். ஐந்து மீட்டர் துணிக்கு அவர் கேட்டது முப்பது ரூபாய்.

பொங்கல் முடிந்து துணியோடு போனபோது பாய் நோட்டை எடுத்து அளவு குறித்துக்கொண்டார். கால்சட்டைக்குச் சுங்குடி வேண்டாம், திருப்பூர்ப் பனியன் துணி வாங்கி வா, உட்காரும்போது அதுதான் இழுபடும் என்றார். இடுப்பில் முன்பக்கம் பட்டை, பின்பக்கம் அகல எலாஸ்டிக், கூடவே நாடா. வயிறு உப்பினால் அவிழ்த்து விட்டுக்கொள்ளலாம். நுனி கணுக்காலுக்கு மேலேயே நிற்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். விமானக் கழிவறைத் தரையைத் தொடும் கால்சட்டையோடு மிச்சப் பயணத்தையும் உட்காருவது போன்ற அருவருப்பு வேறில்லை. முக்கால் கை. ஊக்கு, கொக்கி எதுவும் கிடையாது, உலோகமே இல்லாமல் மரப் பித்தான்.

பைகள்தான் பெரிய விவாதமாகின. வலப்பக்கத் தையலில் பாஸ்போர்ட் கொள்ளும் ஆழத்தில் ஒரு பை, வாயில் ஜிப். ஜிப் உலோகமாக இருந்தால் சோதனையில் ஒலிக்குமே என்று நான் சொல்ல, பிளாஸ்டிக் ஜிப் இருப்பதாகச் சொன்னார். பை கனத்தால் குர்தா ஒரு பக்கம் இழுக்குமே என்று அவரே யோசித்து, உள்ளே தோள் தையல் வரை ஒரு நாடா கொடுத்துத் தாங்கவைத்தார். லண்டனில் எத்தனை விலை கொடுத்தாலும் இந்த யோசனை கிடைக்காது. நான்காம் நாள் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார். அங்கேயே ஸ்டூலில் அரை மணி நேரம் உட்காரச் சொல்லி, பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, இடுப்பில் விழுந்த மடிப்பைப் பார்த்து அரை அங்குலம் தளர்த்தினார். லைனிங்கோடு தையல் கூலி 650, பைக்கும் ஜிப்புக்கும் 100 ரூபாய்.

காலுக்கு மட்டும் ஊரில் தைக்க முடியாது. கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அளவாக அழுத்தி, இரத்தம் காலில் தேங்காமல் தடுக்கும் அழுத்தக் காலுறை நான் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. கணுக்காலையும் கெண்டைக்காலையும் காலையில் எழுந்தவுடன், வீக்கம் வருமுன், அளந்து வாங்க வேண்டும். காலுக்குப் போகும் தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள், சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் போடவே கூடாது. காலணி, பட்டையைத் தளர்த்திக்கொள்ளக்கூடியதாக இருக்கட்டும்.

திரும்பும் நாள். மதுரை விமான நிலையத்தில் திரைக்குள் சோதித்த பெண் காவலர் கருவியை ஒரு முறை மேலிருந்து கீழாகக் காட்டினார், முடிந்தது. "சுங்குடியா? எங்கே தைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். கொழும்பிலிருந்து லண்டன் வரை துப்பட்டா எனக்குப் போர்வை, அதன் மேல் மெல்லிய கம்பளிச் சால்வை. நாடாவை ஒரு முறை தளர்த்தினேன். ஹீத்ரூவில் இறங்குவதற்கு முன் துப்பட்டாவை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். வெளியே மூன்று டிகிரி. கோட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து என் மகள், பாட்டி வீட்டு வாசனை வருகிறது என்றாள்.

அம்மாவின் உடைதான் பாக்கி. சேலையைத் தவிர எதையும் கட்ட மாட்டார், அதைக் கேட்பதும் முறையல்ல. ஊக்குக் குத்தாமல் நிற்கும் பழைய, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சுங்குடிச் சேலையை அவரே எடுத்து வைத்துவிட்டார். ரவிக்கைக்குக் கொக்கிக்குப் பதில் பித்தான். உள்பாவாடைக்குப் பனியன் துணி, நடப்பதற்கு விரிவாக, இடுப்புக்குக் கீழே ஜிப் வைத்த பை. பாய் இதற்கு 150 ரூபாய் சொல்லியிருக்கிறார். போன வாரம் அம்மா தொலைபேசியில் அழைத்தார். பாவாடை வந்துவிட்டதாம். பையில் பாஸ்போர்ட்டை வைத்து, மேலே சேலை கட்டி, தெருமுனை வரை நடந்துபோய்த் திரும்பி வந்திருக்கிறார். பாஸ்போர்ட் அசையவே இல்லையாம். சுருக்குப்பைக்கும் இடம் இருக்கிறது, கொஞ்சம் வெற்றிலை எடுத்து வரலாமா என்று கேட்டார்.