உப்பின் மேல் பழி போட்டுப் பணம் பறிக்கும் பழுதுபார்ப்பு: ஆர்.சி. டிரக் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

ராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் பெரிய ஆர்.சி. டிரக் (ரிமோட்டில் ஓடும் சிறு வண்டி) வைத்திருப்பவர்கள், வண்டியை வெளியூர்க் கடைக்குப் பழுதுபார்க்க அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. செய்யாத வேலைக்கும் பில் போட்டு, வண்டி மறுபடியும் நின்றவுடன் உப்பின் மேலும் மணலின் மேலும் பழியைப் போட்ட ஒரு கடையிடம் நான் 11,000 ரூபாய்க்கு மேல் இழந்திருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதும், அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதும்தான் உங்களுக்குப் பயன்படும்.

என்னுடையது 1/8 அளவு டிரக், அதாவது அசல் வண்டியில் எட்டில் ஒரு பங்கு. 6 எஸ் (ஆறு செல்) லித்தியம் பாலிமர் பேட்டரியும் 2050 கே.வி. (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2050 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டாரும் கொண்டது. 22.2 வோல்ட்டில், சுமை இல்லாத நிலையில், அந்த மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 45,000 சுற்றுச் சுற்றும். முழுச் சார்ஜில் 25.2 வோல்ட் இருக்கும்போது 51,000-ஐத் தாண்டும். அந்த வேகமும் விசையும் மோட்டார் பினியன் (மோட்டாரில் பூட்டிய சிறு பற்சக்கரம்), அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியர், விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியல், ஷாஃப்ட் வழியாகப் போய், முன், பின் டிஃபரன்ஷியல்களைச் சுழற்றும் கிரவுன் (பெரிய பற்சக்கரம்)–பினியனில் (சிறியது) சில பற்களின் மேல் இறங்குகிறது. லாரிப் பட்டறையில் பார்க்கும் அதே கிரவுன்–பினியன்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு என்பது மட்டுமே வேறுபாடு.

உச்சிப்புளிப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் முன்பக்கம் 'டக் டக்' என்ற சத்தம் வந்தது. கிரவுனின் பல்லைப் பினியன் தாண்டிக் குதிக்கும்போது வரும் சத்தம் அது. பொம்மை என்ற வகையில் வரும் இத்தகைய வண்டிகளுக்கு 2023 முதல் இறக்குமதி வரியே 70 விழுக்காடு என்பதால், விலை கொடுத்து வாங்கியதைத் தாமே பிரிக்கப் பலரும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில்தான் இந்தக் கடைகள் பிழைக்கின்றன. நானும் பார்சலில் அனுப்பினேன். முன், பின் டிஃபரன்ஷியல் இரண்டும் புதிது, பேரிங் புதிது, ஆயில் மாற்றம், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) வைத்துச் சரிசெய்தல், கூலி என்று பில் வந்தது.

வண்டி வந்தபின் ஓட்டியதும் அதே கண்மாய்க் கட்டாந்தரையில்தான். கடல் மணலை அது தொடவே இல்லை. முதல் பேட்டரி தீர்வதற்குள் அதே சத்தம் வந்தது. சற்று நேரத்தில் முன்சக்கரங்களுக்கு இழுவையே போகவில்லை. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, படம்கூடக் கேட்காமல், "கடற்கரை வண்டின்னாலே இப்படித்தான் சார், உப்பும் மணலும் தின்னுரும், வாரண்டி வராது" என்றார் உரிமையாளர். மறுபடி அனுப்பினால் பாதிக் கூலியில் செய்து தருவதாகவும் பெருந்தன்மையோடு சொன்னார்.

மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் எனக்குப் பழக்கம். உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதை அவரிடம் கேட்பதுதான் முறை என்று வண்டியை அவர் பட்டறைக்கே எடுத்துப் போனேன். முன் டிஃபரன்ஷியலைத் திறந்தோம். கிரவுன் புதியதுதான், ஆனால் ஒரு பக்கமாகச் சில பற்களின் நுனி முறிந்திருந்தது. முறியாத பற்களிலோ உரசிய பளபளப்பு நுனியில் மட்டுமே இருந்தது, பல்லின் நடுவில் தொட்ட தடமே இல்லை. பேரிங்குக்குப் பின்னால் ஷிம் ஒன்றுகூட இல்லை; கிரவுனை விரல் நுனியால் பக்கவாட்டில் தள்ளினால் 'கடக்' என்று நகர்ந்தது. டிஃபரன்ஷியலின் மூடிய உட்கூட்டைப் பிரித்தால், சிலிக்கான் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கிரீஸை அப்பி வைத்திருந்தார்கள். அதனுள் ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பற்சக்கரங்கள் ஓடும் குறுக்குப் பின்னைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவியபோது தேய்ந்த பள்ளம் தட்டுப்பட்டது. ஒரு பேட்டரி நேரம்கூட ஓடாத புதுப் பின்னில் அப்படிப் பள்ளம் விழாது. பழைய கூட்டின் மேல் புதுக் கிரவுனை மட்டும் பூட்டிவிட்டு, முழு டிஃபரன்ஷியலுக்கும் விலை வாங்கியிருக்கிறார்கள்.

பின்பக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. அதை மூடியிருக்கும் திருகுகளின் ஆலன் குழிகளில், நான் அனுப்புவதற்கு முன்பே படிந்திருந்த கண்மாய்க் கரம்பை காய்ந்து இறுகி அப்படியே இருந்தது. ஆலன் கீ நுழையாத திருகைக் கழற்றிப் புது டிஃபரன்ஷியல் மாட்டும் வித்தையை நான் அறியேன்.

"உப்பு தின்னா முதல்ல பேரிங் சொல்லும் தம்பி, பல்லு சொல்லாது" என்றார் அண்ணன். அவர் சொன்னதைக் கொண்டு நான் புரிந்துகொண்டது இது. உப்பின் சேதம் வெளியிலிருந்து உள்ளே வரும்: சக்கரத்து பேரிங்குகளில் செந்துரு ஏறி, சுற்றினால் கரகரவென்று பிடிக்கும், திருகுத் தலைகள் துருப்பிடிக்கும். மணலின் சேதம் பற்களை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அராவி, மங்கலாக்கி, கத்தி முனைபோல் மெலிய வைக்கும். கிரீஸ் சாம்பல் நிறமாகி, விரலிடையில் தேய்த்தால் நெறுநெறுக்கும். பல் சுத்தமாக, பளபளப்பாக இருந்து நுனி மட்டும் முறிந்திருந்தால், அது உப்பும் அல்ல, மணலும் அல்ல. கிரவுன் பினியனோடு சரியான ஆழத்தில் பொருந்தவில்லை என்பதே பொருள்.

ஷிம் என்பது 0.1, 0.2 மில்லிமீட்டர் தடிமனில் வரும் மெல்லிய வளையம். பார்க்க அற்பமாகத் தெரிந்தாலும், கிரவுனைப் பினியனை நோக்கி நகர்த்திப் பற்கள் முழு ஆழத்தில் கவ்வும்படி நிறுத்துவது அதுதான். பிளாஸ்டிக் கூட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் இடைவெளி சற்று மாறுவதால், எத்தனை ஷிம் என்பதைப் பூட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அளவு மீறி வைத்தால் கியர் முனகும், சூடேறித் தேயும். இந்தப் பொறுமையான வேலையைத்தான் கடைகள் விழுங்கிவிடுகின்றன, ஏனென்றால் மூடிய பின் அது வெளியே தெரியாது.

ஆனால் திறக்காமலும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, முன்சக்கரங்கள் இரண்டையும் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, நடுவிலிருந்து முன்னே வரும் ஷாஃப்டை விரல்களால் இப்படியும் அப்படியும் திருகுங்கள். ஜாயிண்டின் சொந்த ஆட்டத்தைக் கழித்தபின், மிகச் சிறிய ஆட்டம் மட்டுமே மிஞ்ச வேண்டும். கண்ணுக்கே தெரியும்படி ஆடினால் ஷிம் போதவில்லை. ஆட்டமே இல்லாமல் பிடித்தால் இறுக்கம் அதிகம். அடுத்து ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில், சிலிக்கான் ஆயிலின் சீரான தடையோடு சுற்ற வேண்டும். தடையே இல்லாமல் ஓடினாலும், விட்டு விட்டுப் பிடித்தாலும் உள்ளே இருப்பது வேறு ஏதோ. கிரீஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கிரவுன்–பினியன் கவ்வும் வெளிப்புறத்துக்கு அதுவே சரி, மூடிய உட்கூட்டுக்குத்தான் ஆகாது.

அதே கடை எனக்கு அனுப்பிய மோட்டார் பினியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்லின் அளவை மாட், பிட்ச் என்ற இரு முறைகளில் குறிப்பார்கள். என் வண்டிக்கு மாட் 1 பற்கள் தேவை. வந்தது 32 பிட்ச். இரண்டுக்கும் 5 மில்லிமீட்டர் துளைதான் என்பதால் மோட்டாரில் அழகாக ஏறிவிடும், ஓடும்போது ஸ்பர் கியரைக் கடித்துத் துப்பிவிடும். வெர்னியர் இருந்தால் ஏமாற வேண்டியதில்லை: 15 பல் பினியனின் வெளிவிட்டம் மாட் 1-இல் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர், 32 பிட்சில் ஏறத்தாழ 13.5 மில்லிமீட்டர்.

சேதம் வராமல் காப்பதில் பெரும்பகுதி ஓட்டுபவர் கையில் இருக்கிறது. காற்றில் பறக்கும்போது முழு ஆக்ஸிலேட்டரில் சுழலும் சக்கரம் தரையைத் தொட்டவுடன் திடீரென்று வேகம் குறைகிறது. மோட்டாரோ குறைய மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கிரவுனின் பல். ஆகவே தரையிறங்குமுன் விரலைத் தளர்த்திவிடுங்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.யில் பஞ்ச் (விசை பாயும் வேகம்) அளவைக் குறைப்பதும், மோட்டார் பினியனில் ஒன்றிரண்டு பல் குறைப்பதும், நடு டிஃபரன்ஷியலில் 1,00,000 சி.எஸ்.டி. (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) போன்ற கெட்டியான ஆயில் வைப்பதும் உதவும்; மெல்லிய ஆயிலில் முன்சக்கரங்கள் காற்றில் வெறிகொண்டு சுழன்று, அந்த அடியை முன் டிஃபரன்ஷியலுக்கே கொடுக்கும். மோட்டார் பினியனைப் பிடித்து நிறுத்தும் கிரப் ஸ்க்ரூ (தலை இல்லாத சிறு திருகு) மோட்டார் ஷாஃப்டின் தட்டைப் பக்கத்தில் உட்கார வேண்டும். உலோகத்தோடு உலோகம் சேரும் திருகுகளுக்கு திருகு கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும், பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடும்.

உப்பு இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. தனுஷ்கோடியிலும் அரிச்சல்முனையிலும் ஈர மணலில் ஓட்டிவிட்டு அப்படியே பெட்டியில் வைத்தால் பேரிங் போகத்தான் செய்யும். தூரிகையால் மணலைத் தட்டி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, பேரிங்குகளுக்கு எண்ணெய் விட வேண்டும். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பாகவே இருப்பதால் காவிரித் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு அனுப்பியே ஆக வேண்டுமென்றால், திருகுத் தலைகள் உட்பட எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு அனுப்புங்கள். கழற்றிய பழைய உதிரிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நான் பிறகு கேட்டபோது, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்யலாம்; பில், பார்சல் ரசீது, திறந்தபோது எடுத்த படங்கள் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.