நடு எபிசோடுகள் தாங்குகிறதா? வீட்டில் பார்த்த தொடர்கள் பற்றி

தமிழில் வெப் சீரிஸ் எடுக்கிறவர்களுக்கு முதல் எபிசோட் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு பிணம் கிடைக்கும், இல்லை யாராவது காணாமல் போவார்கள், நாமும் உட்கார்ந்துவிடுவோம். கடைசி எபிசோடும் எப்படியோ ஓடிவிடும், யார் செய்தது என்று தெரியாமல் தூக்கம் வராதே. நடுவில் நாலு, அஞ்சு, ஆறு என்று வருகிறது பாருங்கள், அங்கேதான் தொடரின் லட்சணம் தெரியும். எங்கள் வீட்டில், மடிப்பாக்கத்தில், ராத்திரி சாப்பாடெல்லாம் முடிந்து நானும் மனைவியும் அம்மாவும் டிவி முன்னால் உட்காருவதற்கு ஒன்பதரை ஆகிவிடும். ஒரு எபிசோட் முடிந்ததும் "அடுத்ததையும் போடுடா" என்று அம்மா சொன்னால் எனக்கு வேறு விமர்சனம் தேவையில்லை.

அப்படி அம்மா சொல்ல வைத்தது 'சுழல்' முதல் சீசன். புஷ்கர் - காயத்ரி எழுதி 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்தது, எட்டு எபிசோட், முதல் நாலை பிரம்மாவும் அடுத்த நாலை அனுசரணும் இயக்கினார்கள். சிமெண்ட் ஃபேக்டரி ஒரு பக்கம் எரிகிறது, அதே ராத்திரி யூனியன் தலைவர் சண்முகத்தின் சின்ன மகளைக் காணவில்லை. பார்த்திபன் வழக்கமாகப் பேசுகிற பேச்சையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு இறுகிப்போன அப்பாவாக வருகிறார். ஆனால் இந்தத் தொடரைத் தூக்கி நிறுத்துவது மயானக் கொள்ளைத் திருவிழாதான். கதை விசாரணையில் போய்க்கொண்டிருக்கும்போது திருவிழாவும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது, அதனால் நடு எபிசோடுகளில் துப்பு எதுவும் கிடைக்காத நேரத்தில்கூட ஊர் சும்மா இருப்பதில்லை. வடசென்னையில் மாசி சிவராத்திரி முடிந்ததும் அங்காளம்மன் வேஷம் கட்டி ஊர்வலம் போவதைச் சின்ன வயதில் பார்த்துப் பயந்தவர்களுக்கு இது இன்னும் உறைக்கும், அம்மா ராயபுரத்துக்காரர், அவர் அந்தக் காட்சிகளில் ஒரு வார்த்தை பேசவில்லை. கதிரும் நன்றாகச் செய்திருக்கிறார், ஆனால் ஸ்ரேயா ரெட்டியின் இன்ஸ்பெக்டர் ரெஜினாவை மறக்கவே முடியாது. கடைசி இரண்டு எபிசோடில் எல்லாவற்றையும் வாயால் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டாம், அது ஒன்றுதான் குறை.

அடுத்து 'வதந்தி', அதே ஆண்டு டிசம்பரில் வந்தது, ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கம். இதுவும் எட்டு எபிசோட்தான், ஆனால் இங்கே எனக்கும் மனைவிக்கும் சண்டை. கன்னியாகுமரி பக்கம் சினிமா ஷூட்டிங் நடக்கிற இடத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது, நடிகைதான் செத்துவிட்டார் என்று ஊரெல்லாம் பரவுகிறது, பார்த்தால் அது வெலோனி என்ற வேறு பெண். ஆளாளுக்கு அவளைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். மனைவி சொல்வது என்னவென்றால், ஒரே பெண்ணைப் பற்றி எட்டு பேர் எட்டு விதமாகப் பேசுவதைக் காட்டத்தான் இவ்வளவு நேரம், அவசரப்பட்டால் வதந்தி என்ற பேருக்கே அர்த்தம் கிடையாது. அது சரிதான். ஆனால் எஸ்.ஜே.சூர்யாவின் எஸ்.ஐ. விவேக் வழக்குக்குள் விழுந்து குடும்பத்தை மறக்கிறார் என்பது எனக்கு மூன்றாவது எபிசோடிலேயே புரிந்துவிட்டது, அதையே ஐந்திலும் ஆறிலும் வீட்டில் ஒரு சண்டை, ஒரு மௌனம் என்று திரும்பத் திரும்பக் காட்டினால் நான் என்ன செய்வது, போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், காட்சி அங்கேயே நின்றது. ஆறு எபிசோடாகச் சுருக்கியிருந்தால் இதை யாருக்கு வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். வெலோனியாக வரும் சஞ்சனாவுக்காகவும் அம்மாவாக வரும் லைலாவுக்காகவும் பார்க்கலாம், நாம் 2000 வாக்கில் பார்த்த சிரிப்பு லைலா இதில் இல்லை.

'விலங்கு' பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், நானும் ஒத்துப்போகிறேன். ஜீ5, ஏழு எபிசோட், விமல். திருச்சிப் பக்கத்து ஸ்டேஷன், மேலதிகாரியின் திட்டு, வீட்டில் கர்ப்பிணி மனைவி, இவ்வளவுதான், ஒரு இடத்தில்கூட இழுக்கவில்லை. அதில் போலீஸ்காரர்கள் பேசுவது போலீஸ்காரர்கள் பேசுகிற மாதிரியே இருக்கிறது.

'மாடர்ன் லவ் சென்னை' (2023) தனித்தனிக் கதைகள் என்பதால் நடு எபிசோட் கணக்கு அதற்குப் பொருந்தாது என்று நினைக்கலாம். பொருந்தும். ஆறு கதை, ஆறு இயக்குநர்கள், இரண்டாவதாக வரும் பாலாஜி சக்திவேலின் 'இமைகள்' அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது, அதற்குப் பிறகு வருகிற இரண்டும் சுமாராக இருப்பது இன்னும் துருத்திக்கொண்டு தெரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்க்கொண்டிருக்கிற பெண், அதைத் தெரிந்தே கட்டிக்கொள்கிற பையன். காதலிக்கும்போது பெரிதாகப் பேசிய வாக்கு, கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை, வேலை, சமையல் என்று வரும்போது என்ன ஆகிறது என்பதுதான் கதை. டி.ஜே.பானு கண்ணால் நடிக்கவில்லை, விரலால் நடிக்கிறார், எது எங்கே இருக்கிறது என்று தடவித் தேடுகிற அந்தக் கை போதும். பாரதிராஜாவின் கதை, நடுவயது ஆள் மெட்ரோ ரயிலில் சந்தித்த பெண்ணைப் பற்றி மனைவியிடமே வந்து சொல்வது, எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. ரம்யா நம்பீசன் கத்தாமல் அதை எடுத்துக்கொள்ளும் விதம் நம்பும்படி இருந்தது. தியாகராஜன் குமாரராஜாவின் கடைசிக் கதை மற்றவற்றைவிட நீளம், அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தைப் பார்த்த களைப்போடு பார்த்தால் பாவம்.

நடுப்பகுதி என்று பேசும்போது ஒரு படத்தையும் சொல்லியே ஆக வேண்டும், மணிகண்டனின் 'கடைசி விவசாயி'. மயிலைக் கொன்றதாகப் பெரியவர் மாயாண்டி மேல் கேஸ், அவர் உள்ளே இருக்கும்போது அவர் வயலுக்கு ஒரு போலீஸ்காரர் தண்ணீர் பாய்ச்ச வேண்டி வருகிறது. எந்தத் திருப்பமும் இல்லை, பயிர் வாடுமா வாடாதா, அவ்வளவுதான், ஆனால் வீட்டில் மூன்று பேரும் நகராமல் பார்த்தோம். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி ஐயா படம் வெளியாவதற்கு முன்பே காலமாகிவிட்டார். தயவுசெய்து இதை நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள், போனை வேறு அறையில் வையுங்கள்.

இப்போது வீட்டில் ஓடுவது பழசு. 1990களின் கடைசியில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு', நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து. யூடியூபில் இருக்கிறது. படம் கொஞ்சம் மங்கல்தான், இன்றைக்கு இருக்கிற கேமராவும் கிராஃபிக்ஸும் அவர்களிடம் கிடையாது. ஆனால் ராசுவின் சிறுவயது ஒரு பக்கம், ராத்திரியில் குதிரையேறி வந்து தப்பு செய்தவர்களைத் தண்டிக்கிற கருப்பு ஒரு பக்கம், நம்பாத டாக்டர் ரீனா ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றிப் பின்னியிருக்கிறார்கள் பாருங்கள், வாரா வாரம் காத்திருந்து பார்த்தவர்களுக்காக எழுதியது, அதனால் ஒவ்வொரு எபிசோடுக்கும் சொந்தமாக ஒரு சின்னக் கதையும் ஒரு முடிச்சும் இருக்கிறது. எட்டு எபிசோடுக்கே மூச்சு வாங்குகிற இன்றைய எழுத்தாளர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேச்சி ஆத்தாவாக வரும் சி.டி.ராஜகாந்தம் அந்தக் காலத்துப் பெரிய நடிகை, அவருக்காகவே பார்க்கலாம். அந்தக் கருப்பு யார் என்று ஏற்கெனவே தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் வாயைத் திறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். என் மனைவி இதற்கு முன் பார்த்ததில்லை, நானும் அம்மாவும் சொல்லாமல் இருக்கப் படாத பாடு படுகிறோம்.